வேதகலாபனையும் உபத்திரவமும்: வன்னியில் விசுவாசம் எதைப் பிடித்து நின்றது

வன்னியில் எந்தச் சபைக்குப் போனாலும், பாடுகளைப் பற்றிப் பிரசங்கம் என்றால் உரோமர் ஐந்தாம் அதிகாரம் வந்துவிடும். "உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது." வாசித்து முடித்த கையோடு பிரசங்கியார் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிடுவார்: பாடு கூடக் கூட விசுவாசமும் கூடும். 2009 போரின் கடைசியில் முள்ளிவாய்க்கால் வரை நடந்துபோய்த் திரும்பிய சனத்துக்கு முன்னால் நின்று இதைச் சொல்பவர் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஒரே பங்கருக்குள் இருந்து ஒருவர் செபமாலையோடு வெளியே வந்தார், மற்றவர் அதற்குப் பிறகு கோயில் வாசலையே மிதிக்கவில்லை என்பது வன்னியில் தெரியாத சங்கதி அல்ல. இரண்டு பேரின் தலைக்கு மேலாலும் போனது ஒரே ஷெல்தான். பாடு தானாக எதையும் வளர்ப்பதில்லை. பாடு வருவதற்கு முன் கையில் என்ன இருந்தது, வந்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள், போன பிறகு அதை எப்படிப் பேச விட்டார்கள் என்பவைதான் மிச்சத்தைத் தீர்மானிக்கின்றன.

இதைப் பார்க்க வன்னியைப் போல வாய்ப்பான இடம் குறைவு. இங்கே ஏறக்குறைய ஐந்நூறு வருடக் கணக்கு இருக்கிறது.

இரண்டு சொற்கள்

பழைய கத்தோலிக்கரின் வாயில் 'வேதகலாபனை' என்றொரு சொல் உண்டு. வேதத்தைப் பிடித்திருக்கிறான் என்பதற்காகவே ஒருவன்மேல் வருகிற துன்புறுத்தல் அது. அதில் உயிரைக் கொடுத்தவர் வேதசாட்சி. இப்போதைய வழக்கில் மறைசாட்சி. 'உபத்திரவம்' இதைவிட அகலமான சொல். நோய், பஞ்சம், வெள்ளம், போர் எல்லாம் அதற்குள் அடங்கும். எல்லா வேதகலாபனையும் உபத்திரவம்தான். ஆனால் எல்லா உபத்திரவமும் வேதகலாபனை ஆகாது.

1544ஆம் ஆண்டு மன்னார்த் தீவில் நடந்தது வேதகலாபனை. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்றிருந்த 600 முதல் 700 பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆட்கள் வெட்டிக் கொன்றார்கள். தோட்டவெளியில் இன்றும் அவர்களுடைய நினைவு காக்கப்படுகிறது. சங்கிலியின் கணக்கில் அரசியலும் இருந்தது. திருமுழுக்குப் பெற்றவன் போர்த்துக்கேயனின் ஆள் ஆகிவிடுவான் என்ற பயம் அரசனுக்கு இருந்தது, அது காரணமற்ற பயமும் அல்ல. ஆனாலும் கொல்லப்பட்டவர்களைப் பக்கத்து வீட்டாரிடமிருந்து பிரித்துக் காட்டியது அவர்கள் பெற்ற திருமுழுக்கு ஒன்றுதான். அதனால் வேதசாட்சிகள் என்ற பெயர் பொருந்துகிறது.

2009 அப்படியல்ல. வலைஞர்மடத்திலும் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கிறிஸ்தவர் செத்தது கிறிஸ்தவர் என்பதற்காக அல்ல. தமிழர் என்பதற்காக, அந்த நிலத்துண்டில் நின்றதற்காக. அதே தறப்பாளுக்குக் கீழ் சைவக் குடும்பமும் செத்தது. அதை 'கிறிஸ்தவத் துன்புறுத்தல்' என்று வெளிநாட்டுச் சபைகளுக்கு எழுதி அனுப்புவது மூன்று விதத்தில் பிழை. செத்த அயலவரை அது கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. செய்தவருடைய குற்றத்தின் பெயரை மாற்றிவிடுகிறது. பிழைத்தவரிடம் வேதசாட்சியின் வீரத்தை எதிர்பார்க்க வைக்கிறது. அவருக்கோ வேதத்தை மறுதலிக்கிறாயா என்று கேட்டு ஒரு தெரிவை யாரும் கொடுக்கவே இல்லை.

நடுவில் நிற்கிற சாவுகளும் உண்டு. 1984 டிசம்பரில் மன்னார்ப் பகுதியில் கொல்லப்பட்ட மெதடிஸ்த போதகர் ஜெயராஜசிங்கம், 1985 ஜனவரி 6ஆம் திகதி வங்காலையில் சுடப்பட்ட மேரி பஸ்ரியன் அடிகளார், 2007 செப்டெம்பரில் அகதிகளுக்குப் பொருள் கொண்டுபோன வழியில் கிளைமோர்க் கண்ணிவெடியில் இறந்த பாக்கியரஞ்சித் அடிகளார், 2008 ஏப்ரல் 20ஆம் திகதி அதே விதமாகக் கொல்லப்பட்ட கருணாரட்ணம் அடிகளார், 2009 மே 18ஆம் திகதி சரணடைந்தவர்களோடு போய் இன்றுவரை திரும்பாத பிரான்சிஸ் ஜோசப் அடிகளார். இவர்கள் யாரும் விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னதற்காகத் தாக்கப்படவில்லை. அந்தப் பிரமாணம் அவர்களைச் சனத்தோடு நிற்க வைத்தது. நின்ற இடத்தில் அடி விழுந்தது. இதற்கு எந்தச் சொல் பொருந்தும் என்று திருச்சபைதான் ஆறுதலாகத் தீர்மானிக்க வேண்டும். பிரசங்கத்தில் அவசரப்பட்டுத் தீர்க்கிற விஷயம் அல்ல.

இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்தது. லூக்கா 13இல், பிலாத்து வெட்டிய கலிலேயரைப் பற்றிச் சனங்கள் வந்து சொல்கிறார்கள். அவர் பதிலோடு சேர்த்துச் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து செத்த 18 பேரையும் இழுக்கிறார். ஒன்று ஆட்சியாளன் செய்த கொலை, மற்றது விபத்து. அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று தானே அடித்துச் சொல்கிறார். "ஊர் செய்த பாவம், அதுதான் வந்தது" என்று முகாமுக்குள் நின்று சொன்ன பிரசங்கிமார் இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

மருதமடுக் காட்டில் எது காப்பாற்றியது

1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. கத்தோலிக்கக் குருவை வீட்டில் மறைத்து வைத்தால் மரணதண்டனை என்று அதே வருடம் கட்டளை வந்தது. கோயில்கள் சீர்திருத்த சபைக்குப் போயின. திருமணம் செல்லுபடியாகவும் பிள்ளைக்குச் சொத்துரிமை கிடைக்கவும் ஒல்லாந்தரின் பதிவு வேண்டும். வாள் ஒருநாள் வரும், போகும். பதிவேடு ஒவ்வொரு கலியாணத்துக்கும் ஒவ்வொரு பிறப்புக்கும் வந்து நிற்கும். அதனால் பலர் வெளியே ஒன்றும் வீட்டுக்குள் ஒன்றுமாக வாழ்ந்தார்கள்.

1670இல் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் தங்கள் கோயிலின் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் மருதமடுவில் இறங்கின. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து தப்பி வந்த கத்தோலிக்கர் 700 பேரளவில் வன்னிக் காடுகளில் சேர்ந்தார்கள். இன்று ஆடி 2ஆம் திகதியும் ஆவணி 15ஆம் திகதியும் இலட்சக்கணக்கில் கூடுகிற மடுத் திருவிழாவின் வேர் இந்த இடப்பெயர்வுதான். தப்பி ஓடியது விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. "ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறுபட்டணத்துக்கு ஓடிப்போங்கள்" என்பது மத்தேயு 10:23.

ஆனால் ஓடியது மட்டும் காப்பாற்றவில்லை. ஒல்லாந்தர் வந்ததிலிருந்து 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் வரும் வரைக்கும் ஏறக்குறைய 30 வருடம் சரியான பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஒரு தலைமுறை வளர்ந்து கலியாணமும் முடித்துவிட்டது. பிச்சைக்காரக் கோலத்தில், கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டபடி வாஸ் அடிகளார் வீடு வீடாகப் போனார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார் என்பது வழிவழியாக வருகிற கதை. முகம் மாறுகிறவர்கள் மிஞ்சியிருந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அப்படி மிஞ்ச வைத்தவை சில சாதாரணமான விஷயங்கள்.

முதலாவது, மனப்பாடம். ஒரு செபமாலையில் 53 அருள் நிறைந்த மந்திரம். எழுத்தறியாதவரும் இருட்டில் விரலை எண்ணிச் சொல்லலாம். புத்தகம் பிடிபட்டால் எரிக்கலாம். நாக்கில் இருப்பதைப் பறிக்க முடியாது. 2009இல் பைபிளும் பாட்டுப்புத்தகமும் சாமான்களோடு வழியில் விடுபட்டன. அப்போதும் மனப்பாடம்தான் கைகொடுத்தது. இன்று திரையில் வரிகளைப் போட்டு மட்டும் பாடுகிற சபைகள் இதை யோசிக்க வேண்டும். கரண்ட் நின்றால் எத்தனை பேருக்கு 23ஆம் சங்கீதம் முழுவதும் வரும்?

இரண்டாவது, குரு இல்லாமலும் நடக்கும் ஒழுங்கு. வாஸ் அடிகளாரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஒவ்வொரு ஊரிலும் மூப்பரையும் அண்ணாவியாரையும் வைத்தார்கள். மூப்பர் கோயில் காரியம் பார்ப்பவர். அண்ணாவியார் செபம் நடத்துவார், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பார், சாகக் கிடப்பவருக்குப் பக்கத்தில் இருப்பார். கூத்துப் பழக்குபவருக்கும் அதே பெயர்தான். மன்னாரில் விடிய விடிய ஆடிய வேதசாட்சிகளின் கூத்துகளும் ஒரு விதத்தில் மறைக்கல்வியாகவே இருந்தன. குரு வருடத்துக்கு ஒருமுறை வந்தாலும் ஊர் நடந்தது. ஒரே போதகரில் எல்லாம் தொங்குகிற சபை, அந்தப் போதகர் போகிற அன்றைக்கு நின்றுவிடும்.

மூன்றாவது, அவசர ஞானஸ்நானம். இதை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியில் இதன் சிக்கல் இன்னும் முடியவில்லை. சாவு ஆபத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொடுக்கிறவரே தண்ணீரையும் ஊற்ற வேண்டும், வார்த்தையையும் சொல்ல வேண்டும். ஒருவர் ஊற்ற மற்றவர் சொன்னால் பிழை. தண்ணீர் தலைத் தோலில் பட்டு ஓட வேண்டும். தொப்பியிலோ துணியிலோ விட்டால் பிழை. "நான் உன்னைப் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே ஞானஸ்நானம் பண்ணுகிறேன்" என்று பிள்ளையின் பெயரோடு சொல்லி மூன்று தரம் ஊற்றுவார்கள். பிள்ளை பிழைத்தால் கோயிலில் எண்ணெய் பூசுவது முதலான மிச்சச் சடங்குகளை நிறைவேற்றலாம். ஞானஸ்நானத்தை மறுபடி கொடுக்கக் கூடாது.

சிக்கல் வருவது பதிவில். இடம்பெயர்வில் பங்குப் பதிவேடு தொலைந்தது, அவசரத்தில் கொடுத்தது எங்கும் எழுதப்படவில்லை, இருபது வருடம் கழித்துக் கலியாணத்துக்கு ஞானஸ்நானச் சான்று கேட்கிறார்கள். திருச்சபைச் சட்டப்படி, யாருக்கும் பாதகமில்லாத இடத்தில், சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரே ஒரு சாட்சியின் கூற்றுப் போதும். வளர்ந்த வயதில் பெற்றவரென்றால் அவருடைய சத்தியமே போதும். அந்தச் சாட்சி உயிரோடிருக்கும்போதே எழுதி வாங்க வேண்டும்: பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், திகதி, இடம், ஊற்றியவர், பார்த்து நின்றவர். பங்கில் ஒரு பிரதி, வீட்டில் ஒரு பிரதி. பெரியம்மாவுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டு, பெரியம்மா கண்ணை மூடிய பிறகு ஓடித் திரிகிற குடும்பங்கள் உண்டு.

வாஸ் அடிகளாரின் பணியில் இன்னுமொன்று. 1692இல் கண்டிக்குப் போனவரை ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். 1697இல் அங்கே அம்மை நோய் பரவி, சொந்தக்காரரே நோயாளியைக் காட்டில் விட்டு ஓடியபோது, பௌத்தர் கத்தோலிக்கர் என்று பாராமல் எல்லாரையும் கழுவித் துடைத்துப் பார்த்தார். துன்புறுத்தப்பட்டவருக்குக் கதவு திறந்தது அந்த வேலையால்தான். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலை கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று பின்னேரமே மடுவுக்கு வந்தார்.

பவுல் எழுதிய வரிசை

மேலே சொன்ன உரோமர் வசனத்துக்கு வருவோம். மூலத்தில் உபத்திரவத்துக்குப் பவுல் எழுதிய 'திலிப்சிஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் அடி, நெருக்குதல், பிழிதல். செக்கில் அகப்பட்ட எள்ளின் நிலை அது. பொறுமைக்கு 'ஹுப்பொமோனே': கீழே தங்கி நிற்பது. நாங்கள் பொறுமை என்றால் பேசாமல் இருப்பது என்று எடுக்கிறோம். அந்தச் சொல்லில் வாய்மூடுதல் இல்லை. இடத்தை விடாமை இருக்கிறது. யோபு அதிகாரம் அதிகாரமாக வாதாடினார். யாக்கோபு நிருபம் அவரைத்தான் பொறுமைக்கு உதாரணம் காட்டுகிறது.

பரீட்சை என்ற சொல்தான் வன்னியில் அதிகம் குழப்புகிறது. பரீட்சை என்றதும் எங்களுக்குச் சாதாரண தரமும் புலமைப்பரிசிலும்தான் நினைவுக்கு வரும். கடவுள் வினாத்தாள் போட்டார், பிள்ளையைப் பறிகொடுத்தாய், நீ சித்தியா என்று கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. பவுலின் சொல் 'டோக்கிமே'. உருக்கிப் பார்த்து இது பொன்தான் என்று உறுதியான பின் அதற்குள்ள நிலை. தட்டான் உருக்குவது பொன்னைத் தோற்கடிக்க அல்ல. தீயில் பொன் உண்டாவதும் இல்லை. முன்பே இருந்தது தெரியவருகிறது. அதனால்தான் பாடு வருமுன் உள்ளே போட்டது எது என்ற கேள்வி இவ்வளவு முக்கியமாகிறது.

விழுந்தவர்களை என்ன செய்வது

பாடு எல்லாரையும் பொன்னாகக் காட்டாது. கி.பி. 250இல் உரோமை அரசன் தேசியு தன் பேரரசில் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டான். வடஆபிரிக்காவின் கார்த்தேஜில் கிறிஸ்தவர்கள் வரிசையில் நின்று பலியிட்டார்கள். சிலர் தூபம் மட்டும் போட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். ஆயர் சிப்ரியான் தலைமறைவானார், அதற்காக ஏச்சும் கேட்டார். கலாபனை தணிந்ததும் விழுந்தவர்கள் திரும்பி வந்தார்கள். சிறையில் நின்றுபிடித்தவர்கள் கண்டபாட்டுக்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்தார்கள். வேறு சிலர் ஒருவரையும் சேர்க்கக் கூடாது என்று தனிச் சபையே தொடங்கினார்கள். 251இல் கூடிய ஆயர்கள் ஆளாளாகப் பார்த்தார்கள். சான்றிதழ் மட்டும் வாங்கியவர் தவத்துக்குப் பின் சேரலாம், பலியிட்டவர் சாகும் தறுவாயில் சேரலாம். அடுத்த கலாபனை நெருங்கியபோது தவம் செய்துகொண்டிருந்த எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள், அடுத்த தீயில் அவர்கள் தனியே நிற்கக் கூடாது என்பதற்காக. ஓடி ஒளித்த சிப்ரியான் 258இல் தலை வெட்டுப்பட்டு இறந்தார்.

வன்னிக்கு இது தூரத்துக் கதை அல்ல. யார் முதலில் அந்தப் பக்கம் போனது, யார் யாரைக் காட்டிக் கொடுத்தது, யார் நடக்க முடியாத தாயை வீதியோரம் விட்டு வந்தது. இவை இன்னும் ஊர்களுக்குள் வாய் திறக்காமல் கிடக்கின்றன. 2009இல் மெனிக்பாம் முதலான முகாம்களுக்குள் அடைக்கப்பட்ட ஏறக்குறைய 2,80,000 பேரில் பலருடைய பாரம் தாங்கள் செய்யாமல் விட்டதைப் பற்றியது. அதற்குப் பெயர் மறுதலிப்பு அல்ல. ஆனால் உள்ளே அது மறுதலிப்புப் போலவே எரியும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழைகள் தெரிந்தவைதான். மேடைக்கு ஏற்றிச் 'சாட்சி' சொல்ல வைப்பது ஒன்று. ஒலிவாங்கிக்கு முன்னால் ஒருவர் தன் வாழ்க்கையின் மிகக் கொடிய நாளை ஐந்து நிமிடத்தில் அல்லேலூயாவில் முடிக்க வேண்டி வருகிறது. இரவு நித்திரை போய்விடும், அடுத்த வாரம் அவர் வரமாட்டார். மன்னிப்பை அவசரப்படுத்துவது இன்னொன்று. லூக்கா 17:3 மனம் திரும்பியவனை மன்னிக்கச் சொல்கிறது. நடந்தது எதுவும் நடக்கவில்லை என்று நிற்பவனைப் பற்றி அங்கே பேச்சில்லை. பழிவாங்காதே என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். மன்னித்துவிட்டேன் என்று ஒரு தாயின் வாயால் சொல்ல வைப்பது வேறு. நித்திரையின்மை, திடுக்கிட்டு எழும்புதல், சாக வேண்டும் என்ற பேச்சு தொடர்ந்தால் செபம் மட்டும் போதாது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காருவதும் குருத்துவப் பணிதான்.

இன்றைய நெருக்கடி, சட்டத்தோடு

வீடுகளில் கூடும் சிறு செபக் கூட்டங்கள், சைவக் குடும்பத்திலிருந்து தனியாக மனம் மாறியவர்கள் ஆகியோருக்கு இன்றும் அழுத்தம் உண்டு. கூட்டத்துக்குள் வந்து குழப்புதல், ஊர்ச் சுடலையில் அடக்கம் செய்ய மறித்தல், "பதிவு இருக்கிறதா" என்று அலுவலர் கேட்டல் என்று அது வரும்.

முதலில் 1 பேதுரு 4:15ஐ வைத்துத் தன்னைத்தானே பார்க்க வேண்டும். கொலை, திருட்டோடு சேர்த்துப் பேதுரு அங்கே "அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவனாயாவது" பாடுபடாதே என்கிறார். இரவு பத்து மணிக்கு வெளியே பார்த்துக் கட்டிய ஒலிபெருக்கிக்கு அயலவர் கோபப்பட்டால் அது கலாபனை அல்ல. அயலாரின் தெய்வத்தைப் பேய் என்று மைக்கில் சொன்னால் வருவதும் அல்ல. அரிசி மூட்டையோடு ஞானஸ்நானத்தைக் கட்டி விற்றதன் விளைவும் அல்ல. இவை இல்லாமலும் நெருக்கினால் சட்டம் உண்டு. பவுலும் தன் குடியுரிமையைச் சொல்லி நின்றவர்தான்.

அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மதத்தைத் தெரிந்தெடுக்கும் சுதந்திரத்தையும், 14(1)(உ) தனியாகவோ கூட்டாகவோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ வழிபடும் சுதந்திரத்தையும் தருகின்றன. 2008 ஒக்டோபரில் வந்த சுற்றறிக்கை புதிதாக வழிபாட்டிடம் கட்டுவது பற்றியது. வீட்டில் கூடிச் செபிப்பதற்கு எதிராக அதைத் தூக்கிக் காட்டும்போது, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள்.

குழப்பம் நடந்த அன்றைக்கே திகதி, நேரம், வந்தவர் எண்ணிக்கை, சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். பொலிஸில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். அரச அலுவலர் உரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. வவுனியாவில் அலுவலகம் உண்டு, தொலைபேசி 1996. பெரும்பாலானோர் தவறவிடுவது இந்த ஒரு மாதத்தைத்தான். சமாதானமாகப் போவோம் என்று காத்திருந்து இரண்டாம் மாதம் வழக்கறிஞரைத் தேடுவார்கள்.

கசப்பானாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடிவாங்கிய சனம் அடிக்கவும் கூடும். மாந்தையிலிருந்து மாதாவோடு ஓடியவர்களின் நினைவு இருக்கிற அதே நிலத்தில்தான் போர்த்துக்கேயர் இடித்த திருக்கேதீச்சரமும் நிற்கிறது. 2019 மார்ச் 3ஆம் திகதி, சிவராத்திரிக்கு முதல் நாள், அந்தக் கோயில் வீதியில் நட்ட தற்காலிக வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். பாடுபட்ட வரலாறு தானாகவே மனிதரை மென்மையாக்கும் என்றால் இது நடந்திருக்காது. வேதசாட்சிகளின் திருநாளுக்கு ஆயத்தம் செய்யும் பங்குகள் இந்த நாளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அழுவதற்கு ஒரு ஒழுங்கு

எங்களிடம் ஒப்பாரி இருக்கிறது. தவக்காலத்தில் இராகம் இழுத்து வாசிக்கிற வியாகுலப் பிரசங்கமும் இருக்கிறது. 1705இல் இந்த நாட்டுக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தந்தது. வேதாகமத்திலும் சங்கீதங்களில் பெரிய பங்கு முறைப்பாடுதான். பொலிஸில் கொடுப்பதற்கும் நாங்கள் அதே சொல்லைத்தான் பாவிக்கிறோம், பொருத்தமான சொல். 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று நாலு தரம் கேட்கிறான். பிறகு ஒரு வேண்டுதல், கடைசியில் நம்பிக்கை. 88இல் அந்தக் கடைசித் திருப்பம் கூட இல்லை: "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று அப்படியே நின்றுவிடுகிறது. அந்தச் சங்கீதத்தை வெட்டாமல், சந்தோஷமான வால் ஒன்றை ஒட்டாமல் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். வன்னியில் அதைச் சத்தமாக வாசிக்கிற சபை குறைவு.

முள்ளிவாய்க்காலை நினைவுகூரும் மே மாதம் 12 முதல் 18 வரையிலான நாட்களுக்கு, இறந்தோர் நினைவு நாளான கார்த்திகை 2ஆம் திகதிக்கு, சுனாமி வந்த மார்கழி 26க்கு இப்படி ஒரு செப இரவு வைக்கலாம். பத்துப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். 45 நிமிடம் போதும். ஒலிவாங்கி வேண்டாம், போன் படம் வேண்டாம். பாயில் வட்டமாக இருந்து, நடுவில் ஒரு விளக்கு. 13ஐயோ 88ஐயோ ஒருவர் மெதுவாக வாசிக்க வேண்டும். பிறகு மூன்று நிமிடம் மௌனம். நடத்துகிறவர் மணிக்கூட்டைப் பார்த்து மூன்று நிமிடத்தையும் விட வேண்டும். பழக்கமில்லாதவர் முப்பது வினாடியில் பாட்டை எடுத்துவிடுவார், அதோடு எல்லாம் குலையும். பிறகு பெயர்கள். விருப்பமானவர் சொல்லலாம், சொல்லாதவரைக் கேட்கக் கூடாது. யாராவது எழும்பி வெளியே போனால் கூடப் போக ஒருவரை முதலே வாசலடியில் இருத்த வேண்டும், ஒரு செம்பு தண்ணீரோடு. விளக்கவுரை கூடாது. ஏன் நடந்தது என்று யாரும் சொல்லக் கூடாது. எல்லாருக்கும் பாடமான ஒரு பாட்டோடு முடித்து, கஞ்சியோ தேத்தண்ணியோ கொடுத்து, இருட்டில் தனியே நடக்க விடாமல் வீட்டில் விட வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இதிலும் கவனம் வேண்டும். வன்னியில் 1,46,679 பேருக்குக் கணக்கில்லை என்று 2011இல் நல்லிணக்க ஆணைக்குழு முன் எழுத்தில் வைத்தவர் மன்னார் ஆயர் இராயப்பு யோசப். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி இருந்த இருப்பு வருடக்கணக்காகத் தொடர்ந்தது. இவர்களிடம் ஆத்தும சாந்திப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லி வற்புறுத்துவது, மகனைக் கொல்லச் சொல்லிக் கேட்பதற்குச் சமம். அவர்களாகக் கேட்டால் மட்டும் செய்யலாம். மற்றபடி பூசைக் கருத்துகளை வாசிக்கும்போது இறந்தோர் பட்டியலில் சேர்க்காமல், தனித் தாளில் எழுதித் தனியாக வாசியுங்கள்.

எழுதுவதற்கு முன் வீட்டுக்குப் போய், எப்படி வாசிக்க வேண்டும் என்று கேளுங்கள். 'இருந்தவர்' என்று ஒருமுறை வாய்தவறினாலும் அந்தத் தாய் அடுத்த ஞாயிறு வரமாட்டா. அவ "என்ர மகனுக்கு இந்த ஐப்பசியோட முப்பத்தெட்டு" என்று சொன்னால், தாளில் முப்பத்தெட்டு என்று எழுதி, அப்படியே வாசிக்க வேண்டும். அடுத்த வருடம் முப்பத்தொன்பது.